காப்பக நாய்களை வாக்கிங் கூட்டிப்போக விடுவார்களா?

வேளச்சேரியில் வாடகை வீடு, ஐ.டி. வேலை, நாய் வளர்க்க வீட்டு ஓனர் சம்மதிக்கவில்லை. அதனால் சனி, ஞாயிறுகளில் ஏதாவது ஒரு விலங்குக் காப்பகத்துக்குப் போய் அங்குள்ள நாய்களை வாக்கிங் கூட்டிப்போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். விடுவார்களா, கடித்தால் என்ன செய்வது, பழகிவிட்டுக் கிளம்பி வந்தால் அது ஏங்காதா, ஒன்பதாவது படிக்கும் தங்கையையும் அழைத்துப் போகலாமா என்று கூடவே நாலு கேள்விகள். எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் நம் ஊர்க் காப்பகங்களைப் பற்றி முதலில் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். யூடியூபில் வரும் அமெரிக்க, இங்கிலாந்துக் காப்பக வீடியோக்களைப் பார்த்துவிட்டு அதே நினைப்பில் வருகிறவர்கள்தான் இரண்டாவது வாரமே காணாமல் போகிறார்கள்.

சென்னையில் புளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்பை 1959-ல் கேப்டன் வி. சுந்தரம் தொடங்கினார். தெருநாய்களைப் பிடித்துக் கொல்வதற்குப் பதிலாகக் கருத்தடை செய்து அதே தெருவில் விட்டுவிடும் வேலையை 1964-லேயே அவர்கள் ஆரம்பித்துவிட்டார்கள். மாநகராட்சி அந்த வழிக்கு வர 1996 ஆனது. 2001-ல் மத்திய அரசு அதற்கென்றே விதிகள் போட்டது. இப்போது நடைமுறையில் இருப்பவை 2023-ன் விதிகள். இந்தப் பழைய கதையெல்லாம் எதற்கு என்றால், காப்பகத்தில் நீங்கள் பார்க்கப்போகும் நாய்களில் பல அங்கே வசிப்பவை அல்ல. கருத்தடைக்குப் பிடித்து வரப்பட்டு, தையல் ஆறும்வரை சில நாள் இருந்துவிட்டு, காதில் அடையாள வெட்டோடு தன் தெருவுக்கே திரும்பப் போகிறவை. அவற்றுக்கு வாக்கிங் கிடையாது. வயிற்றில் தையல் இருக்கும். கழுத்தில் கயிறு என்பதையே அவை வாழ்க்கையில் பார்த்திருக்காது. உங்களைக் கண்டாலே மூலைக்குப் போய் ஒடுங்கிவிடும். அவற்றைத் தொந்தரவு செய்யாமல் இருப்பதே நீங்கள் செய்யும் உதவி. புளியந்தோப்பு, கண்ணம்மாபேட்டை, லாயிட்ஸ் காலனி போன்ற மாநகராட்சி மையங்கள் முழுக்க முழுக்க இந்த வேலைக்கானவை. அங்கே போய் வாக்கிங் என்று கேட்காதீர்கள்.

வாக்கிங் தேவைப்படுவது நிரந்தரமாகத் தங்கிவிட்ட நாய்களுக்கு. விபத்தில் ஒரு காலை இழந்தவை, பார்வை போனவை, கிழடாகி வீட்டை விட்டுத் துரத்தப்பட்டவை, வெளிநாட்டுக்கு மாற்றலாகிப் போனவர்கள் வாசலில் கட்டிவிட்டுப் போன லேப்ரடார், ஆசைக்கு வாங்கி நம் வெயிலில் சமாளிக்க முடியாமல் கொண்டுவந்து விட்ட ஹஸ்கி, குட்டியிலிருந்து அங்கேயே வளர்ந்துவிட்ட நாட்டு நாய்கள். இவை சோறும் மருந்தும் தவிர வேறெதுவும் இல்லாமல் வருடக்கணக்கில் கூண்டில் இருக்கக்கூடியவை. ஊழியர் ஒருவருக்கு அத்தனை கூண்டு கழுவ வேண்டும், அத்தனை தட்டில் சோறு போட வேண்டும். வெளியே கூட்டிப்போக அவருக்கு நேரம் எங்கே? அந்த இடைவெளியில்தான் உங்களுக்கு வேலை.

இந்தக் கூட்டம் இனி பெருகவும் வாய்ப்பிருக்கிறது. தெருநாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 22-ல் கருத்தடை, தடுப்பூசி முடிந்த நாய்களை (வெறிநோய் உள்ளவை, மூர்க்கமானவை நீங்கலாக) பிடித்த இடத்திலேயே விடலாம் என்றது. ஆனால் நவம்பர் 7-ல், பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களில் பிடிக்கும் நாய்களை அங்கேயே திரும்ப விடக்கூடாது, காப்பகத்தில் வைக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. அதைப் பற்றி எனக்குத் தனியாக நிறையக் கருத்து உண்டு, இங்கே வேண்டாம். நேற்றுவரை ஒரு பேருந்து நிலையம் முழுக்கச் சுற்றித் திரிந்த ஆரோக்கியமான நாய் கூண்டுக்குள் வந்தால், அதற்கு மனுஷ முகம் தேவைப்படும் என்பது மட்டும் நிச்சயம்.

சரி, விடுவார்களா? பெரும்பாலும் விடுவார்கள். ஆனால் முதல் நாளே கயிற்றைக் கையில் கொடுக்க மாட்டார்கள், கொடுக்கவும் கூடாது. வந்தவுடன் ஒன்றும் கேட்காமல் ஒரு நாயை உங்களிடம் ஒப்படைக்கும் இடம் என்றால் எனக்குச் சந்தேகம்தான் வரும். அந்த நாயை அவர்களுக்கே சரியாகத் தெரியாது என்று அர்த்தம். விதிகள் இடத்துக்கு இடம் மாறும். போன் செய்து எந்த நேரம் வரலாம், எத்தனை வாரம் பழகிய பிறகு கயிறு தருவார்கள், வளாகத்துக்குள் மட்டுமா வெளியிலுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். முதல் சில வாரம் தட்டு கழுவுவது, பழைய துணி மடிப்பது, உண்ணி எடுப்பது என்று போகும். அதை அலுப்பாக நினைக்காதீர்கள். கூண்டு கழுவும் அண்ணன், சோறு வைக்கும் அக்கா இவர்களோடு பழக அதுதான் நேரம். எந்த நாய்க்கு ஹெல்மெட் போட்டவரைக் கண்டால் ஆகாது, எதற்கு இடது காதைத் தொட்டால் கோபம் வரும் என்பதெல்லாம் ரெஜிஸ்டரில் இருக்காது, அவர்கள் தலையில் இருக்கும்.

போவதற்கு முன்பே ஒரு வேலை: முன்கூட்டிய ரேபிஸ் தடுப்பூசி. 0, 7, 21 அல்லது 28-ஆம் நாள் என மூன்று ஊசி போடுவது இங்கே வழக்கம். கையில்தான் போடுவார்கள். தொப்புளைச் சுற்றி பதினாலு ஊசி என்று பாட்டி சொன்ன கதை பழைய மருந்தின் காலத்தது. அது நம் நாட்டில் ஒழிந்து இருபது வருடம் ஆகிறது. இந்த ஊசியை முன்பே போட்டிருந்தால், பின்னால் கடிபட்டாலும் 0, 3 ஆகிய நாட்களில் இரண்டு ஊசி போதும், காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப்புரத ஊசி தேவையில்லை. "காப்பக நாய்க்குத்தான் எல்லாத் தடுப்பூசியும் போட்டிருப்பார்களே" என்று நீங்கள் கேட்கலாம். நேற்று வந்த நாய்க்குப் போட்ட ஊசி இன்றே வேலை செய்யாது. ரேபிஸ் அறிகுறி வந்துவிட்டால் பிழைப்பது கிட்டத்தட்ட இல்லை என்கிறபோது இதில் கணக்குப் பார்க்கவே கூடாது. டெட்டனஸ் ஊசியும் போட்டு வையுங்கள்.

கடியோ பல் கீறலோ பட்டுவிட்டால், ஓடும் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு முழுசாகப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். பதினைந்து நிமிடம் என்பது நினைப்பதைவிட நீளம், கடிகாரம் பார்த்துக் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள், மிளகாய்ப்பொடி எதுவும் வேண்டாம். அன்றைக்கே ஆஸ்பத்திரி, அரசு மருத்துவமனைகளில் ஊசி இலவசம். காப்பகத்திலும் மறைக்காமல் சொல்லுங்கள். "பாவம், அந்த நாயை ஏதாவது செய்துவிடுவார்கள்" என்று மறைக்கிறவர்கள் உண்டு. கடித்த நாயைக் கண்காணிப்பில் வைக்க அவர்களுக்கு அந்தத் தகவல் வேண்டும்.

நாய்களுக்கு நீங்கள் கொண்டுபோகும் ஆபத்தும் உண்டு. நாய்க்குட்டிகளுக்கு வாந்தி, பேதி வரவழைத்துக் கொல்லும் பார்வோ வைரஸ் செருப்பு வழியாகவே ஊர் விட்டு ஊர் போகும், தரையில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். கையில் தடவும் சானிடைசர் அதை ஒன்றும் செய்யாது. பிளீச்சிங் கரைசலுக்குத்தான் சாகும். ஆகவே காப்பகத்துக்கென்று தனிச் செருப்பு அல்லது ஷூ, முழு பேன்ட், வாசலில் மருந்துத் தண்ணீர் வைத்திருந்தால் அதில் காலை நனைத்துவிட்டு உள்ளே போவது. குட்டிகளைத் தொடுவதாக இருந்தால் முதலில் அவற்றைத் தொட்டுவிட்டுப் பிறகு மற்றவற்றிடம் போங்கள், வரிசை மாறக்கூடாது. மழைக்காலத்தில் தேங்கிய தண்ணீர், எலி மூத்திரம் வழியாக எலிக்காய்ச்சல் வரும்; காலில் புண் இருந்தால் அந்த வாரம் போகாதீர்கள்.

இனி வாக்கிங். ஆபத்தெல்லாம் பெரும்பாலும் கூண்டுக் கதவைத் திறக்கும் அந்தச் சில விநாடிகளில்தான். கதவை உடம்பு நுழையும் அளவுக்கு மட்டும் திறந்து, உள்ளே போய், பின்னாலேயே சாத்திக்கொள்ளுங்கள். நாய்க்கு நேர் எதிரே நின்று குனியாமல், பக்கவாட்டில் திரும்பி நில்லுங்கள். அதுவாக வந்து மோந்து பார்க்கட்டும். வராவிட்டால் அன்றைக்கு வாக்கிங் இல்லை, கூண்டுக்குள்ளேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். ராஜபாளையம் இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும்: வெள்ளை ராஜபாளையங்களில் பிறவியிலேயே காது கேளாதவை நிறைய. பின்னாலிருந்து தொட்டால் திடுக்கிட்டுக் கடிக்கும். அதன் கண்ணில் பட்ட பிறகுதான் அருகே போக வேண்டும், அல்லது தரையை லேசாகத் தட்டி அதிர்வைக் காட்ட வேண்டும்.

கழுத்து பெல்ட் மட்டும் போதாது. பயந்த நாட்டு நாய் பின்பக்கமாக இழுத்தால் பெல்ட் தலை வழியாகச் சட்டென்று கழன்றுவிடும், ஏனென்றால் அதன் தலை ஒல்லி, கழுத்தும் தலையும் ஏறக்குறைய ஒரே அளவு. பெல்ட்டோடு, மார்பைச் சுற்றி மாட்டும் ஹார்னஸ் பட்டையும் போட்டு இரண்டையும் சேர்த்துப் பிடிப்பது நல்லது. பெல்ட்டுக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும், அதற்கு மேல் தளர்வு கூடாது. நீளத்துக்கு ஏற்பச் சுருண்டு விரியும் கயிறு வேண்டாம். சங்கிலியும் வேண்டாம். சாதாரண நாடாக் கயிறு, அதன் கைப்பிடியைக் கட்டைவிரலில் மாட்டி உள்ளங்கையில் மூடிக்கொள்ளுங்கள். மணிக்கட்டில் சுற்றிக் கட்டாதீர்கள். முப்பது கிலோ நாய் பூனையைப் பார்த்துப் பாய்ந்தால் கையோடு போய்விடும்.

வெளியே வரும்போது வரிசையாக மற்ற கூண்டுகளைக் கடக்க வேண்டும். அத்தனையும் ஒரே நேரத்தில் கம்பியில் பாய்ந்து குரைக்கும். உங்கள் நாய்க்கு அது கல்யாண மண்டப வாசலில் கெட்டிமேளத்தின் நடுவே மாட்டிக்கொண்டது போல. நிற்காமல், ஓடாமல், கம்பியை ஒட்டாமல் கடந்துவிடுங்கள். பிஸ்கட்டை அங்கே வெளியே எடுக்கவே கூடாது. பல நாய்கள் சேர்ந்து இருக்கும் கூண்டுக்கு முன்னால் ஒரு பிஸ்கட் போட்டால் போதும், உள்ளே ரத்தக்களரி ஆகிவிடும். எந்த இரண்டு தன்னார்வலரின் நாய்களும் மூக்கோடு மூக்கு சந்திக்க விடாதீர்கள், "என் நாய் ரொம்ப சாது" என்று யார் சொன்னாலும் சரி.

வாசலைத் தாண்டியதும், நம் ஊரின் பெரிய சிக்கல்: தெருநாய்கள். அமெரிக்க, இங்கிலாந்து அறிவுரைகளில் இது பெரும்பாலும் இருக்காது, ஏனென்றால் அங்கே நகரங்களில் தெருநாய் அரிது. இங்கே ஒவ்வொரு முனையும் ஒரு கூட்டத்தின் எல்லை. காப்பக நாயைக் கூட்டிக்கொண்டு அந்த எல்லைக்குள் நுழைந்தால் நாலைந்து சேர்ந்து வரும். எனவே, வளாகத்துக்குள் இடம் இருந்தால் உள்ளேயே நடப்பதுதான் என் ஆலோசனை. வெளியே போகத்தான் வேண்டுமென்றால், எந்தப் பக்கம் எந்தக் கூட்டம் என்று முதலில் நாய் இல்லாமல் ஒரு தடவை நடந்து பாருங்கள். கையில் மடக்குக் குடை வைத்திருங்கள்; கூட்டம் நெருங்கினால் உங்கள் நாயைப் பின்னால் தள்ளி நிறுத்தி, குடையை அவற்றின் பக்கம் சட்டென்று விரியுங்கள். பெரும்பாலும் நின்றுவிடும். ஓடக்கூடாது. நாய்ச் சண்டை வந்துவிட்டால் நடுவில் கையை விடக்கூடாது. தண்ணீர் ஊற்றுவது, பலகையோ தகரமோ நடுவில் நுழைப்பது, இவ்வளவுதான்.

சென்னைக்கு நேரம் என்றால் காலை ஏழரைக்கு முன், மாலை ஐந்தரைக்குப் பின். மார்ச் முதல் ஜூன் வரை அதுவும் யோசித்துத்தான். புறங்கையைத் தார்ச்சாலையில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். வைக்க முடியவில்லை என்றால் அதன் பாதமும் தாங்காது. நாய்க்கு வேர்வை உள்ளங்காலில் கொஞ்சம்தான், மற்றபடி மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். பக் மாதிரி சப்பை மூக்கு நாய்களுக்கு அதுவும் சரியாக வராது. இயல்பான உடல் சூடே 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். 41-ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. தள்ளாடினால், ஈறு செக்கச்சிவந்தால், உடனே நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிவிட்டு, அதன் பிறகு டாக்டரிடம் தூக்குங்கள். முதலில் குளிர்விப்பது, பிறகுதான் வண்டி. தீபாவளிக்கு முன்னும் பின்னும் சில நாட்கள், போகி மேளம் அடிக்கும் வாரம், இவற்றில் வாக்கிங்கே வேண்டாம். ஒரு வெடிச் சத்தத்தில் கயிற்றை உருவிக்கொண்டு ஓடிய நாய் எந்தத் தெருவில் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது.

தப்பித்துவிட்டால் துரத்தாதீர்கள். பேர் சொல்லிக் கூப்பிட்டும் பயனில்லை. அந்தப் பேரை வைத்ததே போன வாரமாக இருக்கும். எதிர்ப்பக்கம் நாலடி ஓடிவிட்டு அப்படியே தரையில் உட்காருங்கள். ஆர்வத்தில் திரும்பி வரும் நாய்கள் நிறைய. அதற்குள் காப்பகத்துக்குப் போன் போய்விட வேண்டும்.

நடக்கும்போது பலர் எடை குறைக்கும் வேகத்தில் இழுத்துக்கொண்டு போவார்கள். எவ்வளவு தூரம் என்று போனில் பார்ப்பார்கள். தூரத்துக்கு இங்கே மதிப்பே இல்லை. கூண்டு நாய்க்கு எப்போது சாப்பிடுவது, எங்கே படுப்பது, யார் பக்கத்தில் இருப்பது எதையும் தானாகத் தேர்ந்தெடுக்க முடியாது. இந்த இருபது நிமிடத்தில் மட்டும் தேர்வு அதனுடையதாக இருக்கட்டும். ஒரு புங்கமரத்தடியை ஐந்து நிமிடம் மோந்துகொண்டே நின்றால் நீங்களும் நில்லுங்கள். மோப்பம் பிடிக்கும் விளையாட்டைத் தினமும் கொஞ்சம் விளையாடிய நாய்கள், தின்பண்டம் இருக்குமா இருக்காதா என்று தெரியாத கிண்ணத்தைக் கூடுதல் நம்பிக்கையோடு அணுகின என்று சார்லட் துரான்டனும் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸும் 2019-ல் ஓர் ஆய்வில் காட்டினார்கள். அது வீட்டு நாய்களை வைத்துச் செய்தது என்றாலும், கூண்டிலிருந்து வரும் நாயின் மூக்கைப் பார்த்தவர்களுக்கு அதில் ஆச்சரியம் இருக்காது.

அது உங்களோடு பேசிக்கொண்டேதான் இருக்கும். சோறு இல்லாதபோது உதட்டை நக்குவது, தூக்கம் இல்லாதபோது கொட்டாவி, முகத்தைத் திருப்பிக்கொண்டே ஓரக்கண்ணில் வெள்ளை தெரியப் பார்ப்பது, எல்லாம் "கொஞ்சம் தள்ளிப் போ" என்பதுதான். வால் ஆட்டுகிறது என்று மட்டும் நம்பாதீர்கள். விறைத்து நிமிர்ந்து ஆடும் வாலுக்குப் பின்னால் கடி வரலாம். உறுமினால் நல்லதே, எச்சரித்துவிட்டது. உறுமியதற்காக அதட்டி அடக்கப்பட்ட நாய்தான் அடுத்த முறை சொல்லாமல் கடிக்கும்.

தின்ன என்ன கொடுப்பது? நம் ஆட்கள் பாக்கெட் பாக்கெட்டாக இனிப்பு பிஸ்கட் வாங்கி வருவார்கள். சர்க்கரையும் மைதாவும் அதற்கு ஒன்றும் நல்லதல்ல. உப்பில்லாமல் வேகவைத்த கோழித்துண்டு, சர்க்கரைவள்ளிக்கிழங்கு போதும், அதுவும் டாக்டரைக் கேட்டு. சாக்லேட், திராட்சை, வெங்காயம் விஷம். பால் பல நாய்களுக்கு வயிற்றைக் கெடுக்கும்.

இதனால் உண்மையில் பலன் உண்டா என்பதற்கு நேர்மையான பதில்: நினைப்பதுபோல் இல்லை, ஆனால் உண்டு. அமெரிக்காவில் லிசா கன்டர் குழுவினர் இதைத் தொடர்ந்து அளந்திருக்கிறார்கள். சில மணி நேரம் வெளியே கூட்டிப்போன நாய்களின் உடலில் அழுத்தத்தைக் காட்டும் கார்டிசால் குறையவில்லை. கொஞ்சம் அதிகரிக்கவும் செய்தது. வெளி உலகம் அதற்குப் பரபரப்பு, ஓய்வு அல்ல. கார்டிசால் குறைந்தது ஒரு வீட்டில் இரவு தங்கித் தூங்கிய நாய்களுக்கு. ஆனால் 51 காப்பகங்களில் பார்த்து 2023-ல் வெளியிட்ட ஆய்வில், சும்மா ஒருமுறை வெளியே போய்வந்த நாய்கள் தத்துப் போகும் வாய்ப்பு ஐந்து மடங்கு அதிகம், ஓரிரு இரவு வீட்டில் தங்கியவற்றுக்குப் பதினாலு மடங்கு என்று வந்தது. நாலு பேர் கண்ணில் படுகிறது, அதன் குணம் தெரியவருகிறது, அவ்வளவுதான் ரகசியம். நம் ஊருக்கு அதே எண்ணிக்கை பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். காரணம் பொருந்தும்.

அதனால் வாக்கிங் முடிந்ததும் நீங்கள் செய்ய வேண்டிய முக்கியமான வேலை எழுதி வைப்பது. "ஆட்டோ சத்தத்துக்குப் பயப்படவில்லை. படி ஏறும். சின்னப் பையன் ஒருவனைப் பார்த்து வாலாட்டியது. பூனை என்றால் கட்டுக்கடங்காது." தத்தெடுக்க வரும் குடும்பம் கேட்கும் கேள்விகள் இவைதான், கூண்டைப் பார்த்து யாரும் இதற்குப் பதில் சொல்ல முடியாது. நாய் வெளியில் நிற்கும் நல்ல போட்டோ ஒன்றும் எடுத்துக் கொடுங்கள். கம்பிக்குப் பின்னால் எடுத்த படத்தைப் பார்த்து யாரும் வருவதில்லை.

ஏங்குமா என்றால், ஒழுங்கில்லாமல் போனால் ஏங்கும். மாசத்தில் ஒரு நாள் பிறந்தநாள் கொண்டாட வந்து, பத்து நாயைக் கொஞ்சி, ரீல்ஸ் எடுத்துவிட்டுப் போகிறவர்களால் அந்த வரிசை முழுக்க அன்றைக்கு அலைபாயும். இரண்டே நாயை எடுத்துக்கொள்ளுங்கள். வாரம் ஒரே நாள், ஒரே நேரம், ஒரே வழி. திரும்பக் கூண்டில் விடும்போது உடனே கதவைச் சாத்தி ஓடாமல், உள்ளே ஒரு தின்பண்டம் போட்டு, அது தண்ணீர் குடித்துப் படுக்கும்வரை இருந்துவிட்டு வாருங்கள். ஊர் மாறிப் போவதாக இருந்தால் முன்பே சொல்லி, வேறொருவரை இரண்டு மூன்று வாரம் கூடவே நடக்கவிட்டு ஒப்படைத்துவிட்டுப் போங்கள்.

தங்கை விஷயம்: பல காப்பகங்களில் பதினெட்டு வயதுக்குக் கீழே இருப்பவர்களிடம் கயிறு தர மாட்டார்கள், பெரியவர் கூட வந்தால் மற்ற வேலைகளுக்கு அனுமதிப்பார்கள். நீங்கள் போகும் இடத்தில் கேளுங்கள். அனுமதித்தால் அவளுக்கும் ஊசி போட்டுத்தான் கூட்டிப்போக வேண்டும். பயந்த நாயின் கூண்டுக்கு வெளியே முதுகைக் காட்டி உட்கார்ந்து, பாடப்புத்தகத்தைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். மனுஷக் குரலுக்குப் பழக அது நல்ல வழி, ஒன்பதாம் வகுப்புக்கு எப்படியும் பரீட்சை இருக்கும்.